‘ப்ரொடெக்ட்’ ஆவதற்குத் தமிழில் ‘காப்பொடுக்கம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

காரில் பாட்டின் ஒலியைக் கூட்டியதும் பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) தானாக நின்றுபோவதை, அதாவது ‘ப்ரொடெக்ட்’ ஆவதை, நம் கையேட்டில் எந்தச் சொல்லால் குறிப்பது என்ற கேள்விக்கு இதுவரை ‘பாதுகாப்புப் பயன்முறை’, ‘தானியங்கி அணைப்பு’, ‘செயலிழப்பு’ என்ற மூன்று விடைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெயரிடப்படும் நிகழ்வைக் கிட்டே நின்று பார்த்தவன் என்ற முறையில், அதை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

என் காரின் பின்பெட்டியில் ஒரு பெருக்கியும், தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கரான ஒரு சப்வூஃபரும் உள்ளன. ஒலியைப் பாதிக்கு மேல் வைத்தால், தாழ்ந்த முரசொலி விழும் இடத்தில் பெருக்கி நின்றுவிடும். அதன் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரியும். ஓரிரு நொடியில் பாட்டு மீண்டும் வரும். அடுத்த முரசொலியில் மறுபடியும் நிற்கும். பெருக்கி பழுது, புதிது வாங்குங்கள் என்று ஒரு கடையில் சொன்னார்கள். வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிடுவோம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு, பாட்டுக்குப் பதிலாக 50 ஹெர்ட்ஸ் சீரொலி ஒன்றை ஓடவிட்டு, மின்னழுத்தம் அளக்கும் மல்ட்டிமீட்டருடன் உட்கார்ந்தேன். பாட்டை வைத்து அளந்தால் மீட்டரின் எண் ஓரிடத்தில் நில்லாது.

ஒலியைக் கூட்டக் கூட்ட, பேட்டரியின் முனைகளில் 12.0 வோல்ட் இருந்தபோதே பெருக்கியின் முனைகளில் 10.1 வரை இறங்கியது. அதற்குச் சற்றுக் கீழே போனதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இடையில் தொலைந்த 1.9 வோல்ட்டில் நேர்முனைக் கம்பியில் போனது 0.3 மட்டுமே. மீதி 1.6 வோல்ட் எர்த் பக்கத்தில், அதாவது பெருக்கியின் எதிர்முனையைக் காரின் உடலோடு பிணைக்கும் போல்ட்டில் போய்க்கொண்டிருந்தது. அந்த போல்ட்டில் விரலை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கழற்றிப் பார்த்தால், வளையத்துக்கு அடியில் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது. 40 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.04 ஓம் மின்தடை இருந்தாலே 1.6 வோல்ட் போய்விடும். பெயின்ட்டுக்கு அது பெரிய காரியமில்லை. உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளித்தகடு போல இரும்பு தெரிந்தபின் முடுக்கினேன். அந்த இழப்பு 0.1 வோல்ட்டாகக் குறைந்தது. அதன்பின் பெருக்கி ஒருமுறைகூட நிற்கவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்தப் பெருக்கி செயலிழக்கவில்லை. பல கார்ப் பெருக்கிகள், உள்ளே வரும் மின்னழுத்தம் 10 வோல்ட்டை ஒட்டி இறங்கினால், தம்மைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. என்னுடையதும் அதைத்தான் செய்தது. ஆகவே ‘செயலிழப்பு’ என்று கையேட்டில் எழுதினால், படிப்பவர் நல்ல பெருக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே போல்ட்டில் புதிய பெருக்கியைப் பூட்டுவார். ‘தானியங்கி அணைப்பு’ என்பதோ, நேரம் குறித்துவைத்து அணையும் தொலைக்காட்சிக்கும் பொருந்தும். எதற்காக நின்றது என்பது அதில் இல்லை. ‘பயன்முறை’ என்பது பயனர் தேர்ந்துகொள்வது. கைப்பேசியில் விமானப் பயன்முறை என்கிறோம். இந்த நிலையை யாரும் தேர்வதில்லை.

பட்டறையில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். “ஆம்ப் ப்ரொடெக்ட்ல போயிடுச்சு” என்கிறார்கள். அந்தச் சொற்றொடரில் பெருக்கியே எழுவாய். அது தானே ஓரிடத்துக்குள் போகிறது. போனது திரும்பியும் வரும். இவ்வளவையும் தாங்கும் தமிழ் வினை நம்மிடம் இருக்கிறது. தொட்டதும் நத்தை தன் ஓட்டுக்குள் ஒடுங்குகிறது. சற்று நேரம் யாரும் தொடாவிட்டால் வெளியே வருகிறது. காப்பில் ஒடுங்குவது காப்பொடுக்கம். ‘பெருக்கி காப்பொடுங்கியது’ என்று வினையாகவும் ஆளலாம்; காப்பொடுங்கும், காப்பொடுங்கினால் என எந்த வடிவத்துக்கும் வளையும். ‘பாதுகாப்புப் பயன்முறை’யை இப்படி வளைக்க முடியாது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் ஒன்று வலுவானது. பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினையை ஒடுக்கம் என்கிறோமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ‘காப்பு’ என்ற முன்னொட்டு வந்தபின் வேதியியலோடு குழப்பிக்கொள்ள இடமில்லை. முதலில் நான் ‘காப்பணைவு’ என்று எண்ணி, பின் விட்டுவிட்டேன். அணைவுச் சேர்மம் என்ற வேதியியல் வழக்கு மட்டும் அதற்குக் காரணமன்று. அணைவு என்றால் தமிழ்க் காதுக்கு நெருங்கிச் சேர்வதுதான் முதலில் கேட்கிறது. ‘ஒடுக்குமுறை’யின் சாயல் விழுகிறதே என்பது இன்னொரு மறுப்பாக வரலாம். அது பிறரை ஒடுக்குவது. இது தானே ஒடுங்குவது. அடங்கு என்பதிலிருந்து அடக்கமும் தயங்கு என்பதிலிருந்து தயக்கமும் வருவது போல, ஒடுங்கு என்பதிலிருந்தே இங்கு ஒடுக்கம் வருகிறது.

சொல் குறுகியதாக இருப்பதால் காரணத்தை முன்னால் சேர்க்கவும் முடிகிறது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் பெருக்கி எப்படித் திரும்பி வருகிறது என்பதை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். என்னுடையது தாழழுத்தக் காப்பொடுக்கம்: சுமை நீங்கியதும் மின்னழுத்தம் மீளும், பெருக்கியும் உடனே மீளும். அரை மணி நேரம் நன்றாகப் பாடி, நின்று, குளிர்ந்தபிறகே வந்தால் அது வெப்பக் காப்பொடுக்கம். பெருக்கியை இருக்கைக்கு அடியில் காற்றில்லாமல் அடைத்திருப்பார்கள். மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சும்போது வரும் மிகையோட்டக் காப்பொடுக்கத்தில் பல பெருக்கிகள் ஸ்டீரியோவை அணைத்துப் போடும்வரை திரும்புவதில்லை. ஸ்பீக்கர் கம்பி எங்காவது காரின் உடலில் உரசுகிறதா என்றும், 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாகப் பூட்டி 2 ஓமாக்கி, அதைத் தாங்காத பெருக்கியின் மேல் ஏற்றியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

‘உருகி’யோடு (ஃப்யூஸ்) இதை ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். உருகி தன்னை அழித்துக்கொண்டு காக்கும், மாற்றினால்தான் மீளும். காப்பொடுக்கத்தில் எதுவும் அழிவதில்லை. கூடவே, கையேட்டில் ஆம்ப்ளிஃபயருக்குப் ‘பெருக்கி’ என்றும் ஸ்பீக்கருக்கு ‘ஒலிப்பான்’ என்றும் உறுதியாக வைத்துக்கொள்ளலாம். ‘ஒலிபெருக்கி’ என்று எழுதினால் திருவிழாக் குழாயைத்தான் மக்கள் நினைப்பார்கள்.

எல்லோரும் இசைந்தால், கையேட்டின் பதிவை இப்படி அமைக்கலாம்:

காப்பொடுக்கம் (பெயர்): மின்னழுத்தக் குறைவு, மிகைவெப்பம், மிகையோட்டம் போன்றவற்றால் தனக்குக் கேடு நேராதபடி ஒரு கருவி தானே இயக்கத்தை நிறுத்தி, காரணம் நீங்கும்வரை அல்லது அணைத்துப் போடும்வரை அந்நிலையில் இருத்தல். வினை: காப்பொடுங்கு. ‘ஒலியைக் கூட்டியதும் பெருக்கி காப்பொடுங்கினால், முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றி அதன் அடியில் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.’