பெரிய பள்ளியில் கஞ்சி ஊற்றிய என் அத்தாவைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

அத்தா மௌத்தாகி இந்த நோன்போடு மூன்று வருடம். சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் ரோடு பெரிய பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கியவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஒல்லியான ஆள், வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம், கையில் நீளமான அகப்பை. நினைவிருந்தால் எழுதுங்கள். முதலில் நான்.

கடையநல்லூரிலிருந்து சின்ன வயதில் வந்தவர். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படிப்பு, அப்புறம் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. ஆண்டு லீவு மொத்தத்தையும் ரமலானுக்குச் சேர்த்து வைப்பார். 1826-இல் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல் என்று பெரிய பள்ளியைப் பற்றிப் பேசும்போது, ஏதோ அவரே கல் சுமந்தது போலப் பேசுவார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கோபம்தான். மற்ற வீடுகளில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா, நான், தம்பி மட்டும். அத்தா தராவீஹ் இரவுத் தொழுகை முடித்து, சட்டையெல்லாம் வெந்தய வாடையோடு பத்து மணிக்கு மேல்தான் வருவார். சாப்பாட்டு மேசையில் மூன்றே நாற்காலி. நாலாவது வாங்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

2020 மார்ச் 13-ஆம் தேதி பள்ளிவாசல்களை மூடினார்கள். ஏப்ரல் 24 முதல் நோன்பு. எனக்கு நினைவு தெரிந்து அத்தா ஒரு மாதம் முழுக்க வீட்டில் இருந்தது அப்போதுதான். மதியம் அடுப்படியில் அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "நாலு பேருக்கு எப்படிம்மா காய்ச்சுறது?" என்று அம்மாவைக் கேட்டார். நிஜமாகவே தெரியவில்லை.

கடைசியில் வீட்டிலிருந்த பெரிய சட்டியை எடுத்தார். ஊறிய அரிசி, வெந்தயம், இஞ்சி பூண்டு, முடிச்சுப் போட்ட ரம்பை இலை, கொத்துக்கறி. இறக்கும்போது தேங்காய்ப்பால். எங்கள் மாடியில் இருந்த அத்தனை வீட்டு கேட்டிலும் பையில் கட்டித் தொங்கவிட்டார். கோடிவீட்டுச் சீன ஆன்ட்டி மறுநாள் அதே பையில் ஆரஞ்சு போட்டு எங்கள் கேட்டில் மாட்டியிருந்தார்.

வார்னா மலாய் வானொலியில் பாங்கு சொல்லும்போது அத்தா குளியலறை முக்காலியைக் கழுவிக் கொண்டுவந்து மேசையோரம் போட்டு உட்கார்ந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார். அந்த மாதம் முப்பது நாளும் முக்காலிதான். இரவில் சோபாவை ஒதுக்கிவிட்டு அவர் இமாமாக நிற்க, நாங்கள் பின்னால் தொழுதோம். ஓதும்போது அவர் குரல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

சுவா சூ காங்கில் அடக்கினோம். "வீட்டுக்கு 99 வருஷ லீஸ், கப்ருக்கு 15. அங்கேயும் எச்டிபிதான்" என்று, நாங்கள் எச்டிபி என்று சொல்லும் அரசு அடுக்குமாடி வீட்டை வைத்து அவரே சொல்லிச் சிரிப்பார்.

— மகள்

*

இன்னா லில்லாஹி. பாய் என்னைத் திட்டாத நாளே இல்லை! ஐந்து வருடம் ஒரே ஷிப்ட். கையுறை போடாமல் கப்பலில் ஏறினால் கத்துவார், சோற்றை வீணாக்கினால் அதைவிட அதிகமாகக் கத்துவார். தீபாவளிக்கு என் ஷிப்டை அவர் பார்ப்பார், பெருநாளைக்கு அவருடையதை நான். ஒரு பெருநாள் நான் மறந்து தூங்கிவிட்டேன். மனுஷன் புதுச் சட்டையோடு வந்து வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

— பழைய துறைமுகத்துக்காரன்

*

நான் புதுக்கோட்டை. 2014-இல் கட்டுமான வேலைக்கு வந்தேன். சைனாடவுன் பக்கம் சைட். கூட வேலை பார்த்த அண்ணன் கஞ்சி வாங்க இழுத்துப் போனார். என் முறை வந்ததும், "ஐயா, நான் முஸ்லிம் இல்லை" என்றேன். "அதுக்கென்ன, சூடா இருக்கு, பையோட அடியைப் புடிச்சுக்க" என்றார். ரூமில் எத்தனை பேர் என்று கேட்டு இன்னும் மூன்று பை கொடுத்தார்.

பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்த பையனிடம், "மேலாக அள்ளாதே, கறி அடியில கெடக்கு, அடியிலிருந்து அள்ளு, கடைசி ஆளுக்கும் வரணும்" என்று சொன்னதும் காதில் விழுந்தது. இப்போது எங்கள் விடுதியில் சாம்பார் ஊற்றும்போது நானும் அதையே சொல்கிறேன்.

— புதுக்கோட்டைக்காரன்

*

அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கட்டும். எங்கள் மாடியிலும் இந்த வருடம் காய்ச்சலாம் என்று பேச்சு. வெந்தயம் எவ்வளவு போடுவார்?

— புக்கிட் மேரா அக்கா

*

துறைமுகத்து மாமா, அந்தப் பெருநாள் எனக்கு நினைவிருக்கிறது. யார் வராமல் போனது என்று எங்களிடம்கூட அவர் சொல்லவில்லை.

அக்கா, எங்கள் பெரிய சட்டிக்கு அவர் ஒரு கைப்பிடி போடுவார். என் கை சின்னது. இரண்டு கைப்பிடி போட்டால் கசக்கிறது. ஒன்றரை சரியாக வருகிறது.

— மகள்