நாணய நிதிய உடன்படிக்கையும் 2024 செப்டெம்பர் 21 தேர்தலும்: எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது?

கேள்வி (2024 செப்டெம்பர் முற்பகுதி) – வடமராட்சி வாசகர்

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு வாரங்களே இருக்கின்றன. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் ஏற்பட்ட 3 பில்லியன் டொலர் உடன்படிக்கையில் கை வைத்தால் 2022இன் எரிபொருள் வரிசைகள் திரும்பிவிடும் என்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க எச்சரிக்கிறார். மக்கள் மீதான சுமையைக் குறைக்கும்படி மீண்டும் பேசுவோம் என்று சஜித் பிரேமதாசவும் அநுர குமார திசாநாயக்கவும் சொல்கிறார்கள். அநுரவின் தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனமோ, கடன் தாங்குதிறன் (நாட்டால் எவ்வளவு கடனைச் சமாளிக்க முடியும் என்ற கணக்கு) பற்றி மாற்று மதிப்பீடு ஒன்றையே முன்வைக்கப்போவதாகக் கூறுகிறது.

எனக்கு இரண்டு விடயங்கள் விளங்க வேண்டும். புதிதாக வரும் ஜனாதிபதியால் இந்த உடன்படிக்கையில் உண்மையாகவே எதை மாற்ற முடியும்? இன்னும் தீர்க்கப்படாமல் கிடக்கும் சீர்திருத்தங்களுள் எது குறித்து வேட்பாளர்களிடம் நாம் அழுத்திக் கேட்க வேண்டும்? எந்தக் கட்சி வெல்லும் என்ற ஆரூடம் இங்கே வேண்டாம்.

மறுமொழி – பேரேடு

உடன்படிக்கையை இரண்டு அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தால் விவாதம் தெளிவாகும். முதலாவது அடுக்கு மொத்தத் தொகைகள். மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிடும்போது பொதுக் கடன் 2032க்குள் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். வட்டிச் செலவைச் சேர்க்காமல் கணக்கிட்டால் 2025 முதல் அரசின் வருமானம் செலவை விட மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீத அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். 2024 ஜூலையில் பாராளுமன்றம் நிறைவேற்றிய பொருளாதார நிலைமாற்றச் சட்டத்திலும் இந்த இலக்குகள் எழுதப்பட்டுள்ளன. இலங்கைச் சட்டம் என்பதால் நாளைய பாராளுமன்றம் அதைத் திருத்தலாம். ஆனால் ஜூன் 26ஆம் திகதி கடன் கொடுத்த நாடுகளின் உத்தியோகபூர்வக் கடன் வழங்குநர் குழுவுடனும் சீன எக்சிம் வங்கியுடனும் செய்துகொண்ட மறுசீரமைப்பு இணக்கங்கள் இந்தக் கணக்கின் மீதுதான் கட்டப்பட்டுள்ளன. வெளிநாட்டுச் சந்தையில் அரசு விற்ற கடன் பத்திரங்களான சர்வதேச இறைமை முறிகளை வைத்திருப்போருடனான பேச்சு இன்னும் முடிவடையவில்லை. இந்த நேரத்தில் கணக்கின் அடித்தளத்தைப் புதிதாகப் போடுவோம் என்று சொல்பவர், எத்தனை மாதத் தாமதத்தை ஏற்கத் தயார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது அடுக்கு, அந்தத் தொகை யாரிடமிருந்து திரட்டப்படுகிறது என்பது. என் பார்வையில் தேர்தலின் உண்மையான பொருள் இதுதான். மேடைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். 2019 இறுதியில் 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, 2022இல் 12 ஆகி, பின்பு 15 ஆகி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக நிற்கிறது. பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியவற்றுக்கு இருந்த விலக்கும் அன்றே நீங்கியது. சொத்து வைத்திருப்போரைத் தொடும் வரியோ, சொந்த வீட்டை வாடகைக்கு விட்டால் கிடைக்கும் எனக் கணிக்கப்படும் வருமானத்தின் மீது 2025 ஏப்ரலுக்கு முன் அறிமுகமாகும் என்ற வாக்குறுதியாகவே இருக்கிறது. எரிவாயு வாங்குபவரிடம் உடனே அறவிட முடிந்த அரசுக்கு, பல மாளிகைகளுக்கு உரிமையாளராக இருப்பவரை அணுக மட்டும் இவ்வளவு காலம் தேவைப்படுகிறது.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிலும் இதே கதைதான். 2023இல் வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகள் (அரசின் உள்நாட்டுக் கடன் பத்திரங்கள்) விலக்கி வைக்கப்பட்டன. நிதித்துறை குலையக் கூடாது, வங்கிகள் ஏற்கெனவே உயர்ந்த வரி செலுத்துகின்றன என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவற்றை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு, பழைய முறிகளைக் கொடுத்து நீண்டகால முறிகளைப் பெற்றுக்கொள், மறுத்தால் 14 சதவீத வரி 30 ஆகும் என்ற தெரிவு மட்டுமே தரப்பட்டது. தொழிலாளியின் முதுமைச் சேமிப்பு சுமந்த பங்கை ஈடுசெய்யும் திட்டம் ஏதாவது உண்டா என்று மூன்று பிரதான வேட்பாளர்களிடமும் கேட்க வேண்டும்.

1965 முதல் இது நாணய நிதியத்துடனான 17ஆவது ஏற்பாடு. 2003ஆம் ஆண்டின் அரசிறை முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் வரவுசெலவுத் திட்டப் பற்றாக்குறைக்கு 5 சதவீத எல்லை வகுத்தது. எல்லையை எட்ட முடியாதபோது காலக்கெடுதான் நகர்ந்தது. ஆகவே இலக்கைச் சட்டமாக்கியது மட்டும் எனக்கு நம்பிக்கை தரவில்லை. சுமை நியாயமாகப் பகிரப்படாத இலக்கை அடுத்த தேர்தலுக்கு முன்பே யாராவது கைவிடுவார்கள்.

மறுமொழி – தேயிலைச்சாரல்

மேலே உள்ளதோடு உடன்படுகிறேன். மலையகத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ரூபா 1,000இலிருந்து 1,700 ஆகும் என்று 2024இல் அரச வர்த்தமானி அறிவித்தல் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, இடைக்காலத் தடை வந்தது, விடயம் மீண்டும் சம்பள நிர்ணய சபைக்குப் போனது. இடைப்பட்ட மாதங்களில் 18 சதவீத வரி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வருமான வரி விலக்கு எல்லையை மாதம் 100,000 ரூபாவிலிருந்து 200,000 ஆக உயர்த்துவோம் என்ற வாக்குறுதியால் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு சதமும் மிஞ்சாது. ஏனெனில் அவர் அந்த வரியின் கீழ் வருபவரே அல்லர்.

நிவாரணமாகக் காட்டப்படுவது 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும என்ற நலன்புரி உதவித் திட்டம். தேர்வுப் பட்டியல் வெளியானவுடன் இலட்சக்கணக்கான முறையீடுகள் குவிந்தன. ஆகவே தொகை எவ்வளவு என்பதோடு, யார் எந்த அளவுகோலால் விடுபட்டார்கள், மறுபரிசீலனை எப்போது முடியும் என்பவையும் விஞ்ஞாபனங்களில் இருந்திருக்க வேண்டும்.

மறுமொழி – நல்லூர்க் குடிமகன்

எங்கள் பகுதியில் விவாதம் முழுவதும் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு வாக்களிப்பதா இல்லையா என்பதிலேயே சுழல்கிறது. அந்த அரசியல் நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆயினும் வரியும் மின்கட்டணமும் கொழும்பின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் அங்கே தேர்தலே நடக்கவில்லை. எங்கள் மாகாணத்தின் செலவு முன்னுரிமைகளை விவாதிக்கத் தெரிவுசெய்யப்பட்ட மன்றம் ஒன்று இல்லாதபோது, அதிகாரப் பகிர்வும் பொருளாதாரச் சீர்திருத்தமும் எப்படித் தனித்தனிக் கேள்விகளாகும்?

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி – வடமராட்சி வாசகர்

எல்லோருக்கும் நன்றி. பேரேடு அவர்களே, சுமையின் பங்கீட்டை மாற்றலாம் என்கிறீர்கள். நாணய நிதியம் மறுக்க முடியாதபடி, புதிய அரசு முதல் சில மாதங்களிலேயே செய்யக்கூடிய ஒன்றைக் குறிப்பிட முடியுமா?

மறுமொழி – பேரேடு

முடியும். 2008ஆம் ஆண்டின் உபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டத்தின் கீழ் பெரிய முதலீட்டாளர்களுக்கு நீண்டகால வரி விலக்குகள் வழங்கப்பட்டு வருகின்றன. வெளிப்படையான மதிப்பீட்டு முறை ஒன்று உருவாகும் வரை அந்தச் சட்டத்தைப் பயன்படுத்துவதை நிறுத்திவையுங்கள் என்று, 2023 செப்டெம்பரில் வெளியான ஆளுகை பற்றிய அறிக்கையில் நாணய நிதியமே பரிந்துரைத்திருக்கிறது. இதைச் செய்வதற்குக் கடன் வழங்குநர் எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. விலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் அவற்றால் திறைசேரி இழந்த தொகையையும் முழுமையாக வெளியிட்டு, புதிய விலக்குகளை நிறுத்தி, அதனால் கிடைக்கும் கூடுதல் வருமானத்தில் உணவு, மருத்துவச் சேவை, கல்வி உபகரணங்கள் மீதான பெறுமதி சேர் வரியைக் குறைக்க முடியுமா என்று கணக்கிட்டுக் காட்டட்டும். உடன்படிக்கையின் முன்னேற்றத்தை நாணய நிதியம் பரிசீலிக்கும் மூன்றாவது மீளாய்வு தேர்தலுக்குப் பின்னரே வரும். அந்த மேசைக்கு இந்தக் கணக்கோடு போகும் அரசின் பேச்சுக்கு வலு இருக்கும். உங்கள் தொகுதிக்கு வரும் எந்தக் கட்சியின் பிரதிநிதியிடமும் முதலில் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.