7 வயது மகனுக்குத் தொடை எலும்பு முறிவு: கம்பி வைத்தால் கால் வளராமல் போகுமா?

கேள்வி
நேற்று மகன் சைக்கிளோடு விழுந்தான். வலது தொடை எலும்பு நடுவில் குறுக்காக முறிந்துவிட்டது. எடை 22 கிலோ. டைட்டானியம் கம்பி இரண்டு உள்ளே விட வேண்டும் என்கிறார் டாக்டர். அண்ணன் மகனுக்கு 3 வயதில் இதே இடம் முறிந்தபோது மாவுக்கட்டோடு சரியாகிவிட்டது. இவனுக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்? வளர்கிற எலும்புக்குள் கம்பி போனால் கால் குட்டையாகிவிடாதா? காலையில் கையெழுத்துப் போட வேண்டும், தூக்கமே வரவில்லை.

பதில் 1
தம்பி, இதே பயத்தோடு நானும் உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கு அப்போது 8 வயது.

சின்னக் குழந்தைக்கு எலும்பு சீக்கிரம் ஒட்டும், இடுப்போடு சேர்த்து மாவுக்கட்டுப் போட்டாலும் தூக்கி வைத்துக்கொள்ளலாம். 7 வயதுப் பையனை அப்படி வாரக்கணக்கில் தூக்க முடியுமா? கட்டுக்குள் எலும்பு நகர்ந்துவிடவும் செய்யும். அதனால்தான் 5 வயதுக்கு மேல் பெரும்பாலும் கம்பி.

எலும்பு நீளுவது முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டில். முட்டிக்கு அருகே இருக்கும் தட்டுக்கு மேலே, தொடையின் இருபுறமும் சின்னக் கீறல் போட்டுத்தான் கம்பியை ஏற்றுவார்கள். தட்டைத் தொடுவதில்லை. இரண்டு கம்பியும் எதிரெதிர் வில்லாக வளைந்து எலும்பை உள்ளிருந்தே தாங்கும்.

குட்டையாகும் என்று பயந்தேன், நடந்தது நேர்மாறு. எலும்பு ஒட்டும்போது ரத்த ஓட்டம் கூடுவதால் அந்தக் கால் கொஞ்சம் நீளுமாம். அவளுக்கு 8 மில்லிமீட்டர் நீண்டது. நடையில் தெரியவே இல்லை.

எங்களைப் படுத்தியது கம்பியின் நுனிதான். முட்டிக்கு உள்பக்கம் தோலுக்கு அடியில் பட்டாணி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். போர்வை பட்டாலே கத்துவாள், முட்டியை மடக்க மாட்டேன் என்று அழுவாள். எலும்பு ஒட்டிய பிறகு, 9 மாதத்தில் கம்பியை எடுத்ததும் அது போயே போய்விட்டது. நுனியை எவ்வளவு வெளியே விடுவார் என்று காலையிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.

பதில் 2
எலும்பு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். குறுக்கு முறிவு, 22 கிலோ என்றால் இந்தக் கம்பிக்குத் தோதான கேஸ். 50 கிலோவை நெருங்கும் பிள்ளைகளுக்கும், எலும்பு நொறுங்கியிருந்தாலும் இது தாங்காமல் போகலாம், பிளேட் மாதிரி வேறு வழி பார்ப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் கால் விரல்களை அசைக்கச் சொல்லிப் பாருங்கள். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்துப்போனாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள்.

கேட்டவர்
கையெழுத்துப் போட்டாச்சு, ஆபரேஷனும் முடிந்தது அக்கா. நுனியைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் சிரித்தார். பின்னால் பிடித்து இழுக்கக் கொஞ்சம் விட்டே ஆக வேண்டுமாம், ஆனால் எலும்போடு ஒட்டினாற்போல் வெட்டிவிட்டாராம். பையன் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: சைக்கிள் எங்கே?