சேட்டிலைட் டிராக்கர்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் – அனுபவப் பகிர்வு

மண்தடம்:

போன் சிக்னல் இல்லாத இடத்திலும் சேட்டிலைட் வழியாக நாம் இருக்கும் இடத்தையும் உதவி அழைப்பையும் அனுப்பும் டிராக்கரை வாங்கலாமா வேண்டாமா என்ற விவாதம் போதுமான அளவு நடந்துவிட்டது. நான் அதற்குள் போகவில்லை. ஒரே ஒரு சம்பவம், அதைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் பாரம் இறங்கும்.

மலைப்பாதை, முழுக்கச் சரளை. போனில் சிக்னல் போய் வெகுநேரமாகியிருந்தது. நானும் நண்பரும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் பெரிய அட்வென்சர் பைக் ஒன்று ஓரத்துப் பாறையில் சாய்ந்து கிடந்தது. ஹேண்டில்பார் மவுண்டில் டிராக்கர் அசையாமல் இருந்தது, பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால் சரிவில் கீழே ஒருவர், பாறையில் முதுகைச் சாய்த்தபடி, ஹெல்மெட்கூடக் கழற்றாமல். தொடை எலும்பு முறிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். கூப்பிடுகிறார் என்று நினைத்து இறங்கப் போனேன். வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினார். விரல் எங்களை நோக்கி இல்லை, எங்களுக்குப் பின்னால் கிடந்த பைக்கை நோக்கி நீண்டிருந்தது. "அதை அழுத்துங்கள்." முதல் பேச்சே அதுதான். தண்ணீர்கூட அப்புறம்தான் கேட்டார்.

காலையில் விழுந்தவர். நாங்கள் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அத்தனை நேரமும் அந்தக் கருவி அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருந்திருக்கிறது, நகரத்தான் முடியவில்லை. நண்பர் மூடியைத் திறந்து எஸ்ஓஎஸ் பட்டனை அழுத்திப் பிடித்தார். சிறிது நேரத்தில் அழைப்பைக் கவனிக்கும் மீட்பு மையத்திலிருந்து கருவிக்குக் கேள்விகள் வந்தன: எத்தனை பேருக்குக் காயம், நினைவு இருக்கிறதா, ரத்தம் போகிறதா. அன்று இரவே அவரை இறக்கிவிட்டார்கள். இப்போது நடக்கிறார், வண்டியும் ஓட்டுகிறார். ஆனால் அந்த நீட்டிய விரல் என்னை விடுவதாக இல்லை. நல்ல கருவி, முழு சார்ஜ், திறந்த வானம், சந்தா நடப்பில். எல்லாம் சரியாக இருந்தும், உதவி கேட்க முன்பின் தெரியாத இரண்டு பேர் அந்த வழியே வரவேண்டியிருந்தது.

மேப் பார்க்கும் அக்கா:

நான் பைக் ஓட்டுவதில்லை. தம்பி ஓட்டுவான், நான் வீட்டில் உட்கார்ந்து, டிராக்கர் அனுப்பும் அவன் இடம் மேப்பில் புள்ளி புள்ளியாக விழுவதைப் பார்ப்பேன். இந்தப் பக்கத்துக் கதையையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

அன்று கடைசிப் புள்ளி ஒரு பாலத்தின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. படத்தைப் பெரிதாக்கினால் பாலமும் கீழே பழுப்புத் தண்ணீரும். புள்ளி சரியாகச் சாலைமேல்கூட இல்லை, கைப்பிடிச் சுவருக்கு வெளியே இருந்தது. ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது. போனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது? என்னவென்று சொல்வது? "என் தம்பியின் புள்ளி நகரவில்லை" என்றா?

இரவு அவனிடமிருந்து செய்தி வந்தது. பாலத்தைத் தாண்டி மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கிறது, வரிசையில் நின்றிருக்கிறான். அவன் வைத்திருந்தது வண்டி நகர்ந்தால் மட்டுமே இடத்தை அனுப்பும் வகை. ஸ்பாட் ஜென் 3 போன்றவை அப்படித்தான்: அசைவு இல்லையென்றால் பேட்டரியை மிச்சப்படுத்த அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். ஓட்டுபவருக்கு அது வசதி. வீட்டில் இருப்பவருக்கு, அவன் ஓரமாக நின்றதும் ஆற்றில் விழுந்ததும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"நான் பத்திரமாகத்தானே இருந்தேன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

நானூற்றாறு:

மண்தடம், "எல்லாம் சரியாக இருந்தும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹேண்டில்பார் சரியான இடமே இல்லை. விழும்போது வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போவதுதான் வழக்கம். உதவி கேட்கும் கருவி உடம்போடு இருக்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. காட்டுப் பாதையில் கூட வந்தவர் ஒரு மரக்கட்டையில் ஏறி விழுந்தார், காறை எலும்பு போய்விட்டது. படுத்தபடியே ஜாக்கெட்டின் மார்புப் பையிலிருந்து பிஎல்பியை (அபாயச் சிக்னலை மட்டும் அனுப்பும் கையடக்கக் கருவி, பீக்கன் என்பார்கள்) எடுத்தார், ஆன்டெனாவை விரித்தார், அழுத்தினார். எல்லாம் ஒரே கையால். மறுகையை அசைக்கவே முடியவில்லை. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், உயிர் காக்க என்று வாங்குவதானால் முதலில் பிஎல்பி வாங்குங்கள். அது 406 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5 வாட் சக்தியோடு கத்துகிறது. கையடக்கச் செய்திக் கருவிகளின் சக்தி அதைவிடக் குறைவு. கேட்பது தனியார் கால் சென்டர் இல்லை, காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பு. 1979-இல் கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் நான்கும் சேர்ந்து தொடங்கியது, பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே. மாதச் சந்தா கிடையாது. அழுத்தினால் குறைந்தது 24 மணி நேரம் ஒலிபரப்பும். பக்கத்தில் வந்துவிட்ட மீட்புக் குழு திசை பிடித்து வர 121.5 மெகாஹெர்ட்ஸிலும் ஒரு சிறு சிக்னல் போகும். ஆனால் 121.5 மட்டும் உள்ள பழைய பீக்கன் யாராவது மலிவாகத் தந்தால் தொடாதீர்கள். 2009 பிப்ரவரி 1 முதல் சேட்டிலைட்டுகள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை. வாங்கியதும் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள், பேட்டரியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பதிவு இல்லாத பீக்கன் அலறினால், அழுத்தியது யார், யாரிடம் விசாரிப்பது என்று கண்டுபிடிப்பதற்கே நேரம் போகும்.

ஓடைக்கரை:

நானூற்றாறு, பிஎல்பியின் சக்தியைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அது பேசும், கேட்காது. ஐரோப்பாவின் கலிலியோ சேட்டிலைட் அமைப்பின் பதில் சிக்னல் வசதி 2020-இல் வந்தது. அது உள்ள புது மாடல்களில் "உங்கள் அழைப்பு கிடைத்தது" என்று ஒரு விளக்கு எரியும். அதற்கு மேல் ஒரு வார்த்தை போகவும் போகாது, வரவும் வராது. எங்களுக்கு அந்த வார்த்தைகள்தான் தேவைப்பட்டன.

மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். நாங்கள் ஓடையைக் கடந்து மறுகரை ஏறியபின் ஒருவர் வழுக்கி விழுந்து கணுக்கால் திரும்பிவிட்டது. எங்களிடம் இருந்த செய்திக் கருவியில் எஸ்ஓஎஸ் அழுத்தினோம். மேகம் இறங்கியிருப்பதால் ஹெலிகாப்டர் கிளம்ப முடியாது, தரைவழியாக ஆட்கள் வருகிறார்கள் என்று பதில் வந்தது. எந்த வழியாக என்று கேட்டோம். நாங்கள் வந்த அதே வழி! ஓடையோ அதற்குள் இடுப்பளவு ஏறிவிட்டது. ஈரக் கையுறையைப் பல்லால் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தச் சின்னத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன்: "ஓடை வேண்டாம், மேட்டு வழியாக வாருங்கள்." ஒரு செய்திக்கு 160 எழுத்துதான். அனுப்பும் குறி சுற்றிக்கொண்டே இருந்தது. போனதா இல்லையா என்று தெரியாத அந்தச் சில நிமிடங்கள் இருக்கிறதே... போய்விட்டது. அவர்கள் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள், பாதி வழியில் திருப்பிவிட்டார்கள். இருட்டில், வெள்ளம் ஓடும் ஓடையில் அவர்கள் இறங்கியிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் வருகிறது.

மண்தடம்:

நானூற்றாறு, அவர் எங்கே மாட்டியிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல நான் எழுதவில்லை. அது வழி காட்டுவதற்கும் பயன்படும் கருவி, கண் முன்னால் மாட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும், மவுண்டும் அதற்காகவே விற்கிறார்கள். ஆனாலும் உங்கள் நண்பரின் மார்புப் பையின் கதை என்னை யோசிக்க வைத்தது. நன்றி.

கணவாய்க்காற்று:

இருபுறமும் செங்குத்துப் பாறை உள்ள பள்ளத்தாக்கில் ஒரு முறை மாட்டினோம். செயின் அறுந்து பின்சக்கரத்தில் சிக்கிவிட்டது, ஆளுக்கு ஒன்றும் இல்லை. "நலம், தாமதமாகும்" என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பினால் போகவே மாட்டேன் என்றது. கூட வந்தவர் கருவியைக் கையில் பிடித்தபடி பாறைமேல் ஏறி, கையை உயர்த்தி நின்றுகொண்டே இருந்தார். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இது ஏன் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

இன்ரீச் என்ற இருவழிச் செய்திக் கருவி பயன்படுத்தும் இரிடியம் அமைப்பில் 66 சேட்டிலைட்டுகள், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. ஒன்று தலைக்கு மேல் வந்து மறைய சில நிமிடங்கள்தான். வானத்தில் ஒரு கீற்று மட்டுமே தெரியும் இடத்தில், அந்தக் கீற்றுக்குள் ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் போகவில்லை என்று அணைத்து அணைத்துப் போடாதீர்கள், விட்டுவையுங்கள், அதுவே திரும்பத் திரும்ப முயலும். இரிடியம் சேட்டிலைட்டுகள் தங்களுக்குள் செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும், ஆகவே துருவத்திலும் நடுக்கடலிலும் வேலை செய்யும். ஸ்பாட் பயன்படுத்தும் குளோபல்ஸ்டார் அப்படி இல்லை. வாங்கிய சிக்னலை அப்படியே கீழே திருப்பி அனுப்பும், அந்த நேரத்தில் அதன் பார்வைக்குள் ஒரு தரை நிலையம் இருந்தாக வேண்டும். நீங்கள் போகும் பகுதியின் கவரேஜ் படத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2022-இல் ஐபோன் 14-உடன் வந்த சேட்டிலைட் எஸ்ஓஎஸ் வசதியும் குளோபல்ஸ்டாரைத்தான் நம்பியிருக்கிறது, அதுவும் எல்லா நாட்டிலும் இல்லை. மேலும் விழுந்ததில் போன் திரை உடைந்தால் கதை முடிந்தது. பட்டன் உள்ள தனிக் கருவி வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

நனைந்த இலைக்கூரையும் சிக்னலைக் குறைக்கும். ஜாக்கெட்டுக்குள் வைப்பவர்கள் கவனியுங்கள்: உடம்பும் சிக்னலை மறைக்கும். நெஞ்சுப் பக்கம் வைத்துவிட்டுக் குப்புற விழுந்தால், கருவி உடம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் நான் தோள்பட்டையில் கட்டுகிறேன். கிளம்பும் முன் வீட்டு வாசலில் நின்று ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரவில் ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஓஎஸ் பட்டனின் மூடி தளர்ந்திருந்தால் பயணத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள்.

எல்லை தாண்டி:

நான் பார்த்தது வேறு மாதிரி. ஒரு எல்லைச் சாவடியில் முன்னால் நின்றவரின் பையிலிருந்து டிராக்கரை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அவர் "பாதுகாப்புக்காக" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. உயிரைக் காக்கக் கொண்டுவந்த பொருளுக்காக ஒருவர் குற்றவாளிபோல் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கணவாய்க்காற்று கவரேஜ் படத்தைப் பார்க்கச் சொன்னார். சட்டத்தையும் பாருங்கள். சில நாடுகளில் அனுமதியில்லாமல் இவற்றை வைத்திருப்பதே குற்றம். இந்தியாவும் அதில் ஒன்று: இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். கடையில், இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை.

நள்ளிரவு அழைப்பு:

நண்பர் தன் கருவியில் அவசரத் தொடர்பாக என் எண்ணைக் கொடுத்திருந்தார். தூக்கத்தில் போன் அடித்தது. மறுமுனையில் நிதானமான குரல், எஸ்ஓஎஸ் அழைப்புகளைக் கவனிக்கும் மையம், வேறு நாட்டிலிருந்து. நண்பர் எஸ்ஓஎஸ் அழுத்தியிருக்கிறார், அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை என்றார். பிறகு கேள்விகள்: தனியாகப் போனாரா? வண்டி என்ன நிறம்? கூடாரம் இருக்கிறதா? ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறாரா?

அந்தக் கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டேன். வருடக்கணக்கான நட்பு. அவர் எந்த டயர் போடுவார், எந்த எண்ணெய் ஊற்றுவார் என்பதெல்லாம் சொல்வேன். அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பது மருத்துவமனையில் பார்க்கப் போனபோதுதான் தெரியும். அப்படிப்பட்டவருக்கு உள்ளே அடிபட்டால் ரத்தம் நிற்பது கஷ்டம், மீட்க வருபவர்களுக்கு அது முதலில் தெரிய வேண்டிய விஷயம். அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. பிழைத்துக்கொண்டார். இப்போது யார் என் எண்ணைக் கேட்டாலும் மாத்திரை, ஒவ்வாமை, ரத்த வகை, வண்டி எண், போகும் வழி எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்கிறேன். தராமல் கிளம்பினால் கோபித்துக்கொள்கிறேன்.

மேப் பார்க்கும் அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்தப் பாலத்துச் சம்பவத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் பொறுப்பது என்று முடிவு செய்தீர்களா?

மேப் பார்க்கும் அக்கா:

செய்தோம் தம்பி. புள்ளி நின்றால் நான் பதற வேண்டியதில்லை. இருட்டியதும் அவன் "நலம்" பட்டனை அழுத்துவான், அது வந்தால் போதும். ஒன்பது மணிவரை வரவில்லையென்றால் நான் செய்தி அனுப்புவேன். காலை ஆறு மணிக்கும் பதில் இல்லையென்றால், அவன் போகும் பகுதியின் மீட்பு எண்ணைக் கூப்பிட்டு, கடைசிப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்வேன். அந்த எண்ணை அவனே கிளம்பும் முன் எழுதித் தருகிறான். கருவி கெட்டுப்போயிருந்தாலும் கூப்பிடுவேன், வீண் அலைச்சல் என்று அவன் திட்டக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ள வைக்கத்தான் ரொம்பப் போராட வேண்டியிருந்தது. நீங்கள் சொன்ன மருந்துக் கேள்வியை இன்றே சேர்த்துக்கொள்கிறேன்.