ஐந்தாம் மாத ஸ்கான்: பார்ப்பதா, விடுவதா?

ஒட்டுசுட்டான் அம்மா:
20ஆவது கிழமை ஸ்கானில், பிள்ளையின் இதயத்தில் ஓட்டை, ஒரு சிறுநீரகம் இல்லை, தொப்புள்கொடியில் இரண்டு நாடிக்குப் பதில் ஒன்று என்றார்கள். பல உறுப்புகளில் ஒன்றாகப் பழுது வரும் 'வாக்டெர்ல்' ஆக இருக்கலாமாம். அன்றிலிருந்து நித்திரை இல்லை. தங்கையும் இப்போது பிள்ளைத்தாச்சி. அவளையும் இந்த ஸ்கானுக்கு அனுப்புவதா? கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படி என்கிறா மாமி.

குளக்கட்டு:
அனுப்ப வேண்டாம் அக்கா. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம்தான் இன்னும் இருக்கிறது. தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருவைக் கலைக்கலாம். பிழைக்காத குறைபாடுகளுக்கும் அனுமதிக்க 2017இல் அமைச்சரவை வரை பேச்சுப் போனது, சட்டமாகவில்லை. ஒன்றும் செய்ய ஏலாது என்றால் தெரிந்து என்ன? என் மனைவி நான்கு மாதம் அழுதுகொண்டே சுமந்தாள். பிள்ளை ஆறு மணித்தியாலம்தான் இருந்தது.

வன்னித் தாதி:
தம்பி, உங்கள் துயரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எல்லாக் குறைபாடும் ஒன்றல்ல. முள்ளந்தண்டு, குதவழி, இதயம், உணவுக்குழாய், சிறுநீரகம், கைகால் என்பவற்றில் குறைந்தது மூன்றில் பழுது இருந்தால்தான் வாக்டெர்ல். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலானோருக்கு அறிவில் குறை இருக்காது. உணவுக்குழாய் அடைபட்டிருந்தால் ஸ்கானில் பன்னீர் (வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் நீர்) கூடுதலாகவும் இரைப்பை சிறிதாகவும் தெரியலாம். தெரியாமல் முதல் பாலைக் கொடுத்தால் அது சுவாசப்பைக்குள் போய்விடும். தெரிந்தால் பாலை நிறுத்தி, குழாய் வைத்து எச்சிலை உறிஞ்சி, சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகலாம். முல்லைத்தீவில் பிறந்த பச்சைப்பிள்ளையை இரவோடு இரவாகக் கொழும்புக்கு ஏற்றுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கொண்டுபோவது எவ்வளவோ மேல்.

குளக்கட்டு:
தோட்டத்தை நம்பியிருக்கிற நாங்கள் கொழும்பில் யார் வீட்டில் தங்குவது? ஸ்கான் பார்த்தவர் "பிள்ளை சரியில்லை" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதுதான் எங்களை உடைத்தது.

வன்னித் தாதி:
அது பெரிய பிழை, தம்பி. அப்படிச் சொல்லி அனுப்பவே கூடாது. அக்கா, இதயத்துக்குத் தனி ஸ்கான் கேளுங்கள். பன்னீர் எடுத்து நிறமூர்த்தம் (குரோமோசோம்) பார்க்கலாமா என்றும் கேளுங்கள். 18ஆவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. அப்போதும், வீணாக அறுத்து நோகடிக்காமல் தாயின் மடியிலேயே வைத்திருக்க முன்கூட்டியே பேசி வைக்கலாம். மாமி சொல்வதை நம்பாதீர்கள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. உறுப்புகள் உருவாகும் முதல் எட்டுக் கிழமைக்குள் நடந்தது இது. உங்கள் பிழை ஒன்றும் இல்லை.

குளக்கட்டு:
மடியில் வைத்திருக்கலாம் என்று அன்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அப்பால்தான் பார்த்தோம். தங்கையை அனுப்புங்கள் என்று சொல்ல இப்போதும் மனம் வரவில்லை, அக்கா. அனுப்பினால் தனியே விடாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள்.