சுலோச்சன முதலியார் பாலம்: லண்டன் நகலா, நம்மூர்க் கணக்கா?

தண்பொருநை: நேற்று ஒரு காணொளியில் மறுபடியும் அதே பல்லவி. திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலம் லண்டன் வாட்டர்லூ பாலத்தின் அச்சு அசல் நகலாம். வாட்டர்லூவுக்கு 9 ஆர்ச், நம்முடையதற்கு 11. அங்கே ஒரு ஆர்ச் 120 அடி, இங்கே 60. இதில் எங்கே நகல் வந்தது?

பாளைவாசி: ஆர்ச்சை எண்ணினால் போதுமா அண்ணாச்சி? ஆற்றுக்குள் இறங்கி நிமிர்ந்து பாருங்கள். இரண்டு வளைவு சேரும் இடத்தில், தூண் முகப்பில் ஜோடி ஜோடியாக உருண்டைத் தூண்கள் நிற்கும். பாரம் தாங்குவது அவற்றின் வேலை இல்லை, சும்மா அழகுக்கு. வாட்டர்லூவைக் கட்டிய பொறியாளர் ஜான் ரென்னி அங்கே வைத்ததும் அதே ஜோடித் தூண்தான். 1843-இல் இங்கே அது தற்செயலாக வந்துவிட்டதா?

தண்பொருநை: முகம் லண்டன், ஒப்புக்கொள்கிறேன். உடம்பு? மொத்த நீளம் 760 அடி. பதினோரு கண்ணுக்கு 660 போக மிச்சம் 100. நடுவில் பத்துத் தூண், ஆளுக்குப் பத்தடி. பக்கத்து வளைவுகள் இரண்டும் ஒன்றையொன்று தள்ள, நடுவே தூண் அசையாமல் நிற்கிறது. ரென்னியின் பாலத்தில் தூணுக்கு அடியில் மண் அரித்து, தூண் உள்வாங்கி, 1924-இல் மூடினார்கள். அப்புறம் இடித்தே விட்டார்கள். நம்முடையது 1992 வெள்ளத்தையும் பார்த்துவிட்டு நிற்கிறது.

ஜங்ஷன்காரன்: இரண்டு பேரும் எந்தப் பாலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்? பழையதன் அகலம் இருபத்தொன்றரை அடிதான். 1960-களில் அகலப்படுத்திவிட்டார்கள். இப்போது பேருந்து போகிற இடத்தில் பாதி முதலியார் காசில் கட்டியதே இல்லை.

தண்பொருநை: காசு என்றதும் ஞாபகம் வருகிறது. வாட்டர்லூ ஒரு கம்பெனி போட்ட பாலம். 1878 வரை நடந்து போகிறவனிடமும் சுங்கம் வாங்கினார்கள். இங்கே கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த சுலோச்சன முதலியார் என்ற ஒரு மனிதர் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். மனைவியின் நகையும் அதில் போனது என்று ஊரில் சொல்வார்கள். நகல் என்கிறவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

பாளைவாசி: கொடை அவருடையது, நான் மறுக்கவே இல்லை. வரைபடத்தைத்தான் சொன்னேன். அப்புறம், அந்தப் பத்தடி நீங்கள் கழித்துக் கண்டுபிடித்ததுதானே, அளந்ததில்லையே?

தண்பொருநை: சரி, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் குறைவாக இருந்தால் டேப்போடு வருகிறேன். கொக்கிரகுளம் பக்கம் இறங்குங்கள். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.