மூளை ஆர்கனாய்டில் வைரஸ்: உங்கள் அனுபவம் என்ன?

மதி:
ஆர்கனாய்டில் வைரஸ் போட்டுப் பார்த்தவர்கள் கண்டதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஹெர்ப்பஸ் சிம்ப்ளெக்ஸ் 1 என்ற வைரஸ். ஆர்கனாய்டு என்பது ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, மிளகளவு மூளைத் திசு. வைரஸில் பச்சை ஒளிரும் புரதம் சேர்த்திருந்ததால், தொற்று விளிம்பில் பிடித்து உள்ளே நகர்வதை மைக்ரோஸ்கோப்பிலேயே பார்க்க முடிந்தது. பிசிஆரில் வைரஸ் ஏறிக்கொண்டே போகிறது, வைரஸ் வந்தால் செல் அனுப்பும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் பீட்டா மட்டும் அசையவே இல்லை. இந்தச் செல்களுக்கு எதிர்ப்புக் காட்டவே தெரியாதோ என்று இன்டர்ஃபெரானை வெளியிலிருந்து சேர்த்தோம். அதற்குக் கட்டுப்பட்ட மரபணுக்கள் உடனே எழுந்துவிட்டன! அதாவது, சமிக்ஞையை வாங்கும் பக்கம் நன்றாகவே இருக்கிறது, அனுப்பும் பக்கம்தான் எழவில்லை. வியன்னாவில் க்னோப்லிக் குழு 2021இல் வெளியிட்டதும் ஏறக்குறைய இதே கதைதான். ஜிகா, ஹெர்ப்பஸ் இரண்டுமே ஆர்கனாய்டில் இன்டர்ஃபெரானைச் சரியாகத் தூண்டவில்லை. வெளியிலிருந்து கொடுத்தால் சேதம் குறைந்தது, ஆனால் ஒவ்வொரு வைரஸுக்கும் வேறு வேறு இன்டர்ஃபெரான் தேவைப்பட்டது.

எனக்கு ஹெர்ப்பஸில் பிடித்த தந்திரம் ஐசிபி34.5 என்ற புரதம். தொற்று தெரிந்தவுடன் பிகேஆர் என்ற நொதி, செல்லின் புரத உற்பத்தியையே முடக்கப் பார்க்கும். அந்த உற்பத்திக்கு வேண்டிய ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட் ஏற்றுவதுதான் அதன் வழி. ஐசிபி34.5 செல்லின் சொந்த நொதி ஒன்றையே கூட்டிவந்து அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. நரம்புச் செல்லான நியூரானில் தன்னுண்ணலையும் (செல் தன் உள்ளே இருப்பதையே செரிப்பதை) தடுக்கிறது. இந்த மரபணுவை வெட்டிய வைரஸ் மூளையில் மிகவும் பலவீனமாகிவிடும். அதனால்தான் 2021இல் ஜப்பானில் மூளைப் புற்றுக்கு அனுமதி பெற்ற, இந்த வைரஸையே மருந்தாக்கிய சிகிச்சையில் அந்த மரபணு இல்லை.

இளவேனில்:
நான் ஜிகா பக்கம். எலியில் வேலை செய்தபோது பெரிய தலைவலி, சாதாரண எலிக்கு நோயே வராது. ஜிகாவின் என்எஸ்5 புரதம், இன்டர்ஃபெரான் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் மனித ஸ்டாட்2 புரதத்தை அழிக்கும், எலியின் ஸ்டாட்2வைத் தொடாது. அதனால் இன்டர்ஃபெரான் ஏற்பியே இல்லாத எலியை வைத்துத்தான் ஓட்டினோம். தப்பிப்பதைப் பற்றிய ஆராய்ச்சியில் தப்பிக்க வேண்டிய எதிரியையே எடுத்துவிட்டால் எப்படி? ஆர்கனாய்டுக்கு மாறியதற்கு அதுவே காரணம்.

குமிழி:
வளர்ப்பது என் வேலை, அதனால் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுகிறேன். மதி, உங்கள் ஆர்கனாய்டில் மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா இருந்ததா? அவை கருவில் மஞ்சள்கருப் பையிலிருந்து வருபவை. தனியாக வளர்த்துச் சேர்க்காவிட்டால் பெரும்பாலும் இருக்காது. இரத்தக் குழாயும் இல்லை, நோயெதிர்ப்பு டி செல்லும் இல்லை. நடுப்பகுதி ஆக்சிஜன் போதாமல் தானாகவே சாகிறது; அதையும் வைரஸ் கணக்கில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். காவலே போடாத இடத்தில் நுழைந்ததைச் சாமர்த்தியம் என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

டாக்டர் நதி:
ஆய்வகம் எனக்குத் தெரியாது, வார்டு தெரியும். அதுவரை ஆரோக்கியமாக இருந்த குழந்தை, காய்ச்சல், அப்புறம் வலிப்பு. எம்ஆர்ஐயில் மூளையின் டெம்போரல் பகுதி வெளுத்திருந்தது. பிசிஆர் முடிவுக்குக் காத்திராமல் ஹெர்ப்பஸுக்கான மருந்தான அசைக்ளோவிர் ஆரம்பித்தோம். பிழைத்தது, ஆனால் நினைவாற்றல் பழையபடி இல்லை. இப்படிப்பட்ட சில குழந்தைகளுக்கு, வைரஸை உணர்ந்து இன்டர்ஃபெரானை எழுப்பும் டிஎல்ஆர்3 பாதையில் பிறவிக் குறை இருப்பதைக் காசனோவா குழு 2007இல் காட்டியது. மற்ற தொற்றுகளை அவர்கள் சமாளித்துவிடுகிறார்கள், இந்த ஒன்றில் மூளை மட்டும் மாட்டிக்கொள்கிறது. என் கேள்வி: வைரஸ் நின்ற பிறகும் சேதம் ஏன் தொடர்கிறது?

மதி:
குமிழி, மைக்ரோக்ளியா இல்லை, உங்கள் ஆட்சேபம் நியாயமே. ஆனால் மூளையில் நியூரானும் தனக்கென்று ஒரு தற்காப்பு வைத்திருக்கிறது, டாக்டர் சொன்ன டிஎல்ஆர்3 குழந்தைகளே அதற்குச் சாட்சி. நான் அளந்தது அந்தத் தற்காப்பைத்தான்.

டாக்டர், பெர்லினில் 2023இல் ஆர்கனாய்டில் பார்த்தது உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. அசைக்ளோவிர் பெருக்கத்தை நிறுத்தியது, நியூரான் சேதத்தை நிறுத்தவில்லை. டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதம் வழி அழற்சி ஓடிக்கொண்டே இருந்தது. அழற்சியைத் தணிக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் திசு தப்பியது. மைக்ரோக்ளியா சேர்த்த தொகுதியில் இதையே செய்து பார்க்க ஆசை. குமிழி, உங்கள் வளர்ப்பு முறையைத் தனிச்செய்தியில் அனுப்புவீர்களா?